டப்பா திறக்கும் முன்னே

கிளாரன்ஸ் எனக்கு ரயிலில் இடம் பிடித்து வைக்க ஆரம்பித்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

விடியற்காலை வண்டி மாரிகுப்பத்தில் கிளம்பும்போதே துண்டு, பை, குடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு இருக்கையைப் பிடித்துவிடுவார்கள். வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுகிற எனக்கு இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டு போவதுதான் வழக்கம். ஒயிட்ஃபீல்டில் வால்வு செய்யும் கம்பெனியில் நான் தரப் பரிசோதகன். அங்கே போயும் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை. அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் கிளாரன்ஸ் தன் துண்டை எடுத்துவிட்டு, "உக்காருங்கண்ணா" என்றார். உட்கார்ந்தேன். இடம் கிடைத்தால் விடுவதற்கு நான் என்ன மடையனா? ஆனால் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தேன்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் என் மகள் நளினி, கிளாரன்ஸின் மகன் மேக்ஸ்வெல்லைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள். "செய்துகொள்ளட்டுமா" என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டுமென்றாலும் என் மனைவி ஞானசுந்தரியிடம்தான், "உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்பேன். அவள் சமையலறையில் இருந்தால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் என்பது காரணமில்லை என்று ஞானசுந்தரியிடம் சொன்னேன். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் பெரிய காரணம் கிளாரன்ஸின் வாய். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியபோது ஊரெல்லாம் போய், "ஆறே மாசம், மறுபடி திறந்துடுவாங்க, டெல்லியிலயே பேசிட்டாங்க" என்று சொன்னவர் அவர்தான். அதை நம்பி, கைக்கு வந்த பெங்களூர் வேலையை வேண்டாமென்று நான் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்த கதையை இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்? வாயில் வந்ததைப் பேசுகிறவன் வீட்டில் பெண்ணைக் கொடுக்கமாட்டேன், அவ்வளவுதான்.

இடம் பிடித்துக் கொடுத்ததோடு கிளாரன்ஸ் நிற்கவில்லை, கதை சொல்லவும் ஆரம்பித்தார். எல்லாம் சாப்பாட்டுக் கதைகள்.

"ரவா இட்லி எப்படி வந்துச்சு தெரியுமாண்ணா? ரெண்டாம் யுத்தத்துல அரிசி கிடைக்கல. பெங்களூர்ல ஒரு ஓட்டல்ல, சரி, ரவையில ஊத்திப் பாப்போம்னு ஊத்தினாங்களாம்."

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? பேர் சொல்லுங்க."

அவர் சிரித்து மழுப்பினார். மத்தியான இடைவேளையில் போனில் தேடிப் பார்த்தேன். அப்படித்தான் சொல்கிறார்கள் என்று இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்னொரு நாள், மிளகாய் நம் ஊர்க் காய் இல்லை, போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்தது, அதுவரை நம் ஆட்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள் என்றார். "பொய்" என்றேன். தேடினேன். உண்மை. வேர்க்கடலையும் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்றார். "சுத்தப் பொய். பூதிகோட்டைப் பக்கம் போய்ப் பாருங்க, கடலைக் காட்டைக் காட்டறேன்" என்றேன். தேடினேன். அதுவும் உண்மை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கன்னட நூலிலேயே இட்லி இருக்கிறது, ஆனால் அதில் அரிசி கிடையாது, உளுந்து மட்டும்தான் என்றார். இதில் மாட்டிக்கொண்டார் என்று ஆசையாகத் தேடினேன். அந்த ஆசையிலும் மண்.

ஒரு மனிதர் நான்கு மாதமாகத் தினம் ஒரு கதை சொல்கிறார், ஒன்றுகூடப் பொய்யில்லை என்றால் யாருக்குத்தான் பயம் வராது? பொய் சொல்கிறவன் நடுநடுவே மெய்யைச் சொல்லித்தான் பிழைக்கிறான். இவர் வெறும் மெய்யாகச் சொல்கிறார் என்றால் பெரிய பொய் ஒன்று பின்னால் வருகிறது என்று அர்த்தம். சுரங்கத்தில் ஃபோர்மேனுக்கு உதவியாளாக இருந்த கிளாரன்ஸுக்குப் போர்ச்சுகீசியரை எப்படித் தெரியும்?

அப்புறம்தான் வேறொன்று உறைத்தது. பங்காரப்பேட்டை தாண்டி, டேக்கல் வரும்போதுதான் நான் டிபன் டப்பாவைத் திறப்பேன். கதை அதற்கு முன்பே முடிந்துவிடும். ரவா இட்லிக் கதை சொன்ன அன்று டப்பாவில் ரவா இட்லி. கடலைக் கதை சொன்ன அன்று தோசைக்குக் கடலைச் சட்னி. மூடி திறக்கும் முன்னே உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது!

என் வீட்டுச் சமையலறையில் அவருக்கு ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஞானசுந்தரியை விசாரித்தேன்.

"நேத்து வீட்டுக்கு யாருன்னா வந்தாங்களா?"

"பால்காரன் வந்தான். இன்னா கேள்வி இது?"

"டிபனுக்கு இன்னா செய்யப்போறேன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் சீக்கிரம் குடுத்தா தேவலை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பார்வையிலும் ஏதோ ஒளிந்திருந்ததாக எனக்குப் பட்டது.

கம்பெனியில் ஒரு வால்வு மேல் சந்தேகம் வந்தால் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில்லை, பரிசோதித்துவிடுவோம். அந்த வியாழக்கிழமை பங்காரப்பேட்டையில் வண்டி நின்றதும் இறங்கி ஒரு பொட்டலம் பூரி வாங்கினேன். என் டப்பாவை எதிர் இருக்கை ஏனோக்கிடம் கொடுத்து, "இன்னிக்கு நீ சாப்பிடு, எனக்கு வயிறு சரியில்ல" என்றேன். வயிறு சரியில்லாதவன் பூரி தின்பானா என்று அவன் யோசிக்கவில்லை. ஏனோக் சாப்பாட்டு விஷயத்தில் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

கழிப்பறைப் பக்கம் போயிருந்த கிளாரன்ஸ் திரும்பி வந்து உட்கார்ந்தார். என் மடியில் பூரிப் பொட்டலம் இருக்கிறது. எண்ணெய் வழிகிறது. வாசனை மூக்கைத் துளைக்கிறது. மனிதர் அதைப் பார்க்கவேயில்லை, ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சவ்வரிசி இருக்குதே, அது அரிசியே இல்லண்ணா. மலேயா பக்கம் ஒரு மரத்துக்குள்ள இருக்கற சோத்துலேர்ந்து எடுக்கறது. யுத்தத்துல கப்பல் நின்னுபோச்சு. சேலத்துல இன்னா பண்ணாங்க, மரவள்ளிக்கிழங்கு மாவை உருட்டி..."

"ஏனோக்," என்றேன், "டப்பாவைத் திற."

ஏனோக் திறந்தான். சவ்வரிசி உப்புமா.

கிளாரன்ஸ் டப்பாவைப் பார்த்தார், என் பூரியைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல முழித்தார். கை மட்டும் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. அந்தக் கையை நான் பார்த்துவிட்டேன்.

"பையில இன்னா?"

"ஒண்ணுமில்லண்ணா, மருந்துச் சீட்டு."

"எடுங்க. நானும் பாக்கறேன், எந்த டாக்டர்னு."

ஏனோக் உப்புமாவை மென்றுகொண்டே, "குடுத்துடுப்பா, விடமாட்டாரு" என்றான். கிளாரன்ஸ் நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பிரித்தேன். ராபர்ட்சன்பேட்டைக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கும் என் மகளின் கையெழுத்து. புத்தகத்துக்கு எண் எழுதுகிற மாதிரி குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"வியாழன், சவ்வரிசி உப்புமா. அரிசியே இல்லைன்னு ஆரம்பிங்க அங்கிள். அப்படி ஆரம்பிச்சா அப்பாவுக்குக் கோபம் வரும். கோபம் வந்தா பேசுவார்."

அதற்குக் கீழே மறுநாளுக்கு உரியது.

"வெள்ளி, மாவுக்குள் உருளைக்கிழங்கு வச்சு மடிச்சுச் சுட்டது. இங்கே வேலைக்கு வந்த கார்ன்வால் வெள்ளைக்காரங்க அவங்க ஊர்ச் சுரங்கத்துல சாப்பிட்டது இப்படித்தான். கையில விஷ மண் இருக்கும்னு ஓரத்தைப் பிடிச்சுச் சாப்பிட்டு, அந்த ஓரத்தை வீசிடுவாங்கன்னு ஒரு கதை உண்டு. ஆதாரம் சரியா இல்லை. நானும் நம்பல. தாத்தா ஷிஃப்ட் முடிஞ்சு சுரங்கத்து லிஃப்ட் கேஜ்ல மேல வரும்போதும் பசியோடதான் வருவார்னு அப்பா சொல்லியிருக்கார். பசிச்சவங்க எப்படி வீசுவாங்க? அப்பா கண்டிப்பா மறுப்பார். மறுக்க விடுங்க. அப்போ தாத்தாவைப் பத்திப் பேசுவார்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை எழுத்து சரியாகத் தெரியவில்லை.

"அண்ணி கைப்பக்குவமே தனி" என்றான் ஏனோக்.

"அண்ணி செய்யலப்பா" என்றார் கிளாரன்ஸ் மெதுவாக. "நாலு மாசமா அந்தப் பொண்ணுதான் நாலு மணிக்கு எழுந்து செய்யுது. டப்பாவை மட்டும் அண்ணி கையால குடுக்கச் சொல்லுது. தான் செஞ்சதுன்னு தெரிஞ்சா அப்பா சாப்பிடமாட்டாராம்."

சாப்பிட்டிருக்கமாட்டேன் என்பது எனக்கும் தெரியும்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சுப் பழக்கம் வரட்டும்னுதான் முதல்ல எழுதிக் குடுத்துச்சு. நானும் மேக்ஸ்வெல்லுக்காக மனப்பாடம் பண்ணேன். ஆனா தினம் நான் வீடு போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும். மேக்ஸ்வெல் பக்கத்துலயேதான் இருப்பான், அவனைக் கேக்காது. 'அங்கிள், அப்பா இன்னா சொன்னாரு?' அதை மட்டும்தான் கேக்கும். உங்க வீட்டுல இருக்கற பொண்ணு, நீங்க இன்னா பேசினீங்கன்னு என்னை வந்து கேக்குது."

"நீங்க இன்னா சொல்லுவீங்க?"

நான்கு மாதத்தில் அவரிடம் நான் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பொய். சுத்தப் பொய். யார் சொன்னது. இதைத் தவிர ஒரு வார்த்தை நினைவுக்கு வரவில்லை.

கிளாரன்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சிரிச்சாருன்னு சொல்வேன்."

"என்னிக்கு?"

"எல்லா நாளும்தான்."

ஆக, நான்கு மாதமாக நான் துரத்திய பொய்யைக் கடைசியில் பிடித்துவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பூரிப் பொட்டலத்தைத் தின்னாமலே ஏனோக் பக்கம் தள்ளினேன். அந்தத் தாளை மடித்து அவர் பையிலேயே வைத்தேன். அன்று கம்பெனியில் எத்தனை வால்வைப் பார்த்தேன், எதைத் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஞானசுந்தரி கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நளினி சமையலறையில் உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். என்ன பேசுவது என்று ரயிலில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"உங்க தாத்தா ஒரு துணுக்குகூட வீசமாட்டார்" என்றேன்.

அவள் கை நின்றது. திரும்பவில்லை. "தெரியும்ப்பா" என்றாள்.

கூடத்தில் டிவி சத்தம் நின்றது. ஞானசுந்தரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்காமலே தெரிந்தது.

"வெறும் டப்பாவுலகூட விரலை விட்டு வழிப்பார். கேஜ்லேர்ந்து இறங்கும்போது வழிச்சுக்கினே இறங்குவார். நான் வெளியே நின்னு பாத்திருக்கேன்" என்றேன். பிறகு இன்னும் ஏதேதோ சொன்னேன். அப்பாவின் இருமலைப் பற்றி, அவர் எனக்கென்று மிச்சம் வைத்துக்கொண்டு வந்த அரை ரொட்டியைப் பற்றி. நான்கு மாதம் அடைத்து வைத்ததெல்லாம் சம்பந்தா சம்பந்தமில்லாமல் வந்தது. அவள் உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

கடைசியில், "ஞாயித்துக்கிழமை அவங்களைச் சாப்பிட வரச் சொல்லு" என்றேன். "அந்தப் பையனையும். நான் நாலு கேள்வி கேப்பேன், இப்பவே சொல்லி வை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். அழுதுகொண்டு காலில் விழுவாள் என்று நினைத்தீர்களானால், என் மகளை உங்களுக்குத் தெரியாது. கண்ணைச் சுருக்கி என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கிளாரன்ஸ் அங்கிள் சொல்றதுல எனக்கு ஆரம்பத்திலேர்ந்தே சந்தேகம். நான் எழுதிக் குடுத்த கதையைக் கேட்டு நீங்க தினம் சிரிச்சீங்கன்னு சொல்றாரு. நிஜமாவாப்பா? சிரிச்சீங்களா?"

இருபத்திரண்டு வருஷ வேலையில் கோணலான ஒரு திருகைக்கூட நான் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியதில்லை.

"சிரிச்சேம்மா" என்றேன்.

அவள் பார்வையை எடுக்கவில்லை.

"நம்பலப்பா" என்றாள். "ஆனா இன்னொரு தடவை சொல்லுங்க."