சுவரோரம் ஒரு ஜோடி செருப்பு

மசிண்டே ஓடினார். நாற்பத்தாறு வயதுக்கு அது அதிகப்படியான ஓட்டம்தான். மின்சார அறைக்குள் பாய்ந்தவர், ஆபரேட்டரின் கை பிரதான சுவிட்சைத் தொடுவதற்குள் அந்தக் கையைப் பிடித்து விலக்கி, சுவிட்சில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி அழுத்தினார். க்ளிக். சாவி சட்டைப் பைக்குள் போனது.

"என்ன அஃபாண்டே இது? ஓட்டச் சொல்லி பாஸ் சொல்லிட்டாரு."

"நான் சொல்லல."

அஃபாண்டே என்பது பட்டாளத்தில் மேலதிகாரியைக் கூப்பிடும் சொல். கிட்டாலே என்ற ஊரின் அந்த மக்காச்சோள ஆலையில் அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். இருபத்து நாலு வருடம் ராணுவத்தில் கண்ணிவெடி அகற்றிய மனிதர், ஓய்வு பெற்றதும் பாதுகாப்பு நிர்வாகம் படித்து, இங்கே பாதுகாப்பு மேலாளராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

இருபது நிமிடம் முன்பு, காலை பதினோரு மணிக்கு, உலர்த்தும் அறையில் ஒரு பெல்ட் கருகிப் புகைந்தது. அபாயச் சங்கு ஊதியது. எல்லா இயந்திரங்களும் நின்றன. ஆட்கள் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். அலுவலகத்து நாலியாக்கா பட்டியலை வாசித்தாள். நூற்று நாற்பத்தாறு பெயர், நூற்று நாற்பத்தாறு 'இருக்கேன்'. புகையும் அடங்கிவிட்டது. இனி என்ன தடை?

ஆலை மேலாளர் கரியூகி கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"பூட்டை எடு மசிண்டே. வெளியில பதினெட்டு லாரி நிக்குது."

"ஒரு ஆள் குறையுது சார்."

"கணக்கு சரியா இருக்குன்னு அந்தப் பொண்ணு இப்பத்தானே சொல்லிச்சு?"

"உங்க லிஸ்ட் சரி. செருப்பு சரியில்ல."

ஆபரேட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். இந்தச் செருப்பு விஷயம் ஆலை முழுக்கப் பிரசித்தம். வாசலில் தினம் காலையில் கை காட்டிப் பொறுக்கி எடுக்கப்படும் அன்றாடக் கூலிகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. ஸ்டோரில் ரப்பர் பூட்ஸ் வாங்கும்போது, டயர் வெட்டித் தைத்த தங்கள் செருப்புகளைச் சுவரோரம் கழற்றிவிட்டுப் போவார்கள். மசிண்டே தினமும் காலையில் அந்த வரிசையை எண்ணுவார். 'அஃபாண்டே செருப்புக்கு சல்யூட் வைக்கிறாரு' என்று கேன்டீனில் நடித்தே காட்டுவார்கள்.

"காலைல இருபத்து மூணு ஜோடி. இப்ப முற்றத்துல நிக்கிற கூலிக்காரங்க இருபத்திரண்டு பேர். மிச்ச ஒருத்தன் எங்க?"

"எங்கேயாவது பொகை பிடிச்சிட்டு நிப்பான். அவனுக்காக ஆலையை நிறுத்துவாங்களா? அவன் நம்ம ஆளே இல்லையே."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயர்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவர் மசிண்டே. கரியூகி அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். பேரை எழுதினால் தொடர்ந்து வேலை பார்த்ததற்குச் சாட்சி ஆகிவிடும், நாளைக்கே நிரந்தரம் கேட்பார்கள். அதனால் பேர் வேண்டாம். உயிர் இருந்தால் போதும், வேலைக்கு.

"பட்டாளத்துல இத்தனை வருஷம் இருந்தவன் கேட் காவலுக்குப் போவான், கௌரவமா உட்காந்து பேப்பர் படிப்பான்," என்றார் கரியூகி. "நீ எதுக்கு இதைப் படிச்சுட்டு, தேடிப்பிடிச்சு என் ஆலைக்கு வந்து உசிரை வாங்குறே? அதைச் சொல்லு முதல்ல."

மசிண்டே அவரைத் தாண்டி முற்றத்துக்குப் போனார்.

கூலிகள் வெயிலில் தனியாக நின்றார்கள். இருபத்திரண்டு பேரையும் அவரவர் செருப்பின் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். நின்றார்கள். ஒரு ஜோடி தனித்துக் கிடந்தது. அறுந்த வாரில் நீலக் கம்பி சுற்றியிருந்தது.

"யாருது?"

எல்லாரும் அவருக்குப் பின்னால் வந்து நின்ற கரியூகியைப் பார்த்தார்கள். கடைசியில் கூட்டிப் பெருக்கும் ரோடாம்மாதான் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"வாஞ்சாலாவோடது அஃபாண்டே. எனக்கென்ன, நாளைக்கு என்னை எடுக்கலேன்னா போகட்டும். ரெண்டாம் கோபுரத்துல சோளம் கட்டிக்கிட்டு இறங்கலேன்னு, உள்ள இறங்கிக் குத்திவிட அவனை ஏத்தினாங்க."

"யார் ஏத்தினது?"

"உங்க பின்னாடி நிக்கிறாரே, அவர்தான்."

"அவன் அப்பவே இறங்கியிருப்பான்," என்றார் கரியூகி. குரல் தேய்ந்திருந்தது.

தானியம் சேமித்து வைக்கும் அந்த இரும்புக் கோபுரத்தின் அடியில், அதை வெளியே இழுக்கும் பெரிய திருகு ஒன்று உண்டு. சுவிட்சைப் போட்டால் அது சுழலும். மேலே நிற்பவனைச் சோளம் கீழே விழுங்கும்.

மசிண்டே ஏணியில் ஏறினார். மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். தூசிக்கு நடுவே ஒரு தலை, இரண்டு தோள். வாஞ்சாலா மார்பு வரை புதைந்திருந்தான். கத்திக் கத்தித் தொண்டை அடைத்து, உதடு மட்டும் அசைந்தது. ஒரு பெல்ட் கருகித் திருகு நின்றதால்தான் அவன் மிச்சம்.

"கயித்தைக் கட்டி இழுத்துரலாமா?" என்று கீழிருந்து யாரோ கேட்டார்கள்.

"இழுத்தா இடுப்பு கழண்டுரும். தகரம் கொண்டாங்க, பலகை கொண்டாங்க, வாளி கொண்டாங்க. சீக்கிரம்."

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். பலகை மேல் படுத்து, வாஞ்சாலாவைச் சுற்றித் தகரங்களை வேலிபோலக் குத்தி இறக்கி, உள்ளே இருந்த சோளத்தை வாளி வாளியாக அள்ளினார். மேலே கூலிகள் வரிசையாக நின்று வாளியை வாங்கினார்கள்.

"அஃபாண்டே, என் செருப்பு?" என்றான் வாஞ்சாலா, மூச்சு வந்ததும்.

"பத்திரமா இருக்கு. பேசாம இருடா."

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அவனை வெளியே எடுத்தார்கள். ரோடாம்மா அவன் முகத்தைத் தன் துணியால் துடைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி போனது.

கரியூகி வாசல் பலகைக்கு முன்னால் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகையில், 'விபத்தே இல்லாத நாட்கள்: 1312'.

"நல்ல வேளை, பெருசா ஒண்ணும் ஆகல. இதை ரிப்போர்ட்ல எழுத வேணாம் மசிண்டே. கணக்கு அப்படியே இருக்கட்டும். உன் நிரந்தர உத்தரவுல இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்."

மசிண்டே உள்ளங்கையால் அந்த நான்கு எண்களையும் அழித்தார். சாக்பீஸ் எடுத்து ஒரு பூஜ்யம் போட்டார்.

"இந்தக் கணக்கு எப்பவோ பொய் சார். இதுல நானூத்து ஏழாவது நாள், அதே ரெண்டாம் கோபுரத்துல ஒருத்தன் செத்தான். பேரு சிடூமா."

"அந்த ஆள் ரோட்டுல லாரில அடிபட்டவன். லிஸ்ட்ல அவன் பேரே இல்ல. போலீஸே எழுதிட்டுப் போயிட்டாங்க."

"அப்படிச் சொல்லித்தான் ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டு வந்தீங்க. அவன் செருப்பு மட்டும் இந்தச் சுவரோரம் ஒரு வாரம் கிடந்துச்சு. ரோடாம்மாதான் எடுத்து வச்சிருந்து, தேடி வந்தவங்க கையில கொடுத்தாங்க."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டாளத்துல லீவு போட்டுட்டு வந்து அவனைக் குளிப்பாட்டினவன் நான். காதுக்குள்ள, மூக்குக்குள்ள, தொண்டைக்குள்ள எல்லாம் மக்காச்சோளம்." மசிண்டே சாக்பீஸைக் கரியூகியின் கையில் வைத்தார். "ரோட்டுல அடிபட்டவன் வாயில ஏது சார் சோளம்? சிடூமா என் தம்பி."