வெக்கைக்குக் குடுத்த தேத்தண்ணி

எனக்கு வாய் கூட எண்டு எல்லாரும் சொல்லுவினம். சொல்லட்டும். மன்னாரிலை பிறந்து, ரெண்டு இடப்பெயர்வு கண்டு, இந்த ரொறன்ரோவிலை இருவத்தாறு வருசமாய்ப் பேக்கரி லைனிலை நிண்டு கால் வீங்கினவளுக்கு வாயும் இல்லாட்டி வேறை என்ன கிடக்கு? என்ரை பேர் எமில்டா. மனுசன் கண்ணை மூடி ஒன்பது வருசம். மகள் மெலிசா கலியாணம் கட்டி அஜின்கோர்ட்டிலை இருக்கிறாள். கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்து, "அம்மா, பிளீஸ், ஆக்களின்ரை விசயத்துக்குள்ளை மூக்கை நீட்டாதையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வைப்பாள். பெத்த தாய்க்கு அவள் சொல்லுற புத்தியைப் பாருங்கோவன்.

யோகராணியும் நானும் ஒரே லைன். நான் பையுக்குள்ளை பணிசைத் தள்ளுவன், அவள் வாயைக் கட்டி விடுவாள். ரெண்டு பேரும் மல்வேர்னிலைதான் இருக்கிறம். காலமை ஐஞ்சரை பஸ்ஸிலை ஒண்டாய்ப் போய் பின்னேரம் ஒண்டாய் வருவம். பதினாலு வருசமாய் அப்பிடித்தான். அவளின்ரை மனுசன் சிவபாதம் அண்ணை வின்னிபெக், கல்கரி எண்டு ட்ரக் ஓடுறவர், மாசத்திலை பாதி நாள் வீட்டிலை இருக்கமாட்டார். ஒரே மகள் தனுஷிகா, பாங்கிலை வேலை. யோகராணி வாய் திறக்காத சாதி. நான் பத்து வசனம் கதைச்சா அவள் ஒரு "ஓம்" சொல்லுவாள். அதாலைதான் எங்களுக்கு ஒத்து வந்தது எண்டு நினைக்கிறன்.

மூண்டு வருசத்துக்கு முந்தி அவள், "சுவிசுக்கு அக்காவிட்டைப் போறன், நாலு மாசம் நிண்டுதான் வருவன்" எண்டாள். திரும்பி வரேக்கை மெலிஞ்சு, கறுத்து, கண் உள்ளுக்குப் போய் வந்தாள். "என்னடி, சுவிசிலை கொக்கா சாப்பாடு தரேல்லையோ?" எண்டு நான் லைன் முழுக்கக் கேக்கக் கத்தினன். அவள் சிரிச்சுப்போட்டு ஒரு சொக்லேற் பெட்டியை நீட்டினாள். எல்லாரும் எடுத்துச் சாப்பிட்டம்.

பேந்து கொஞ்ச நாளாலை அவளுக்கு வேர்க்கத் தொடங்கிச்சுது. சும்மா வேர்வை இல்லை. தை மாசம், வெளியிலை மைனஸ் இருவது, இவள் பஸ்ஸுக்குள்ளை ஜக்கற்றைக் கழட்டி மடியிலை வைச்சுக்கொண்டு பேப்பராலை விசிறுறாள். முகம் சிவந்து கழுத்தாலை தண்ணி ஓடுது. எனக்கு உடனை விளங்கிப்போச்சு. விளங்கினதாய் நினைச்சன் எண்டு சொல்லவேணும்.

"எடியே, உனக்கு மாசத் தீட்டு நிக்கிற காலம். உதுக்கு ஏன் வெக்கப்படுறாய்? எனக்கும் வந்ததுதானே" எண்டன்.

"ஓம்" எண்டாள்.

எனக்கு அந்த வெக்கை வந்து நான் படாத பாடு பட்டனான். அப்ப எங்களோடை வேலை செய்த போலந்துக்காரி ஹலீனாதான் எனக்கு றெட் குளோவரைக் காட்டித் தந்தவ. நீங்களும் கண்டிருப்பியள், கரண்ட் கம்பி போற வெளியிலை ஆனி, ஆடி மாசம் முழுக்கப் பூத்துக் கிடக்கும். மூண்டு இலை, இலையிலை வெள்ளைக் கோடு, நாவல் பழத்தண்ணி பட்ட நிறத்திலை உருண்டைப் பூ. ஹலீனாவின்ரை ஊரிலை இருமலுக்கும் அதுதான், சொறி சிரங்குக்கும் அதுதான், பொம்பிளையளின்ரை வெக்கைக்கும் அதுதானாம். இரத்தத்தையும் சுத்தமாக்குமாம். பனி காஞ்சாப்போலை பூவை மட்டும் கிள்ளி, பேப்பரிலை பரப்பி நிழலிலை காயவைக்கவேணும். வெயிலிலை வைச்சா நிறம் செத்துப்போம். கொதிதண்ணியிலை ஒரு பிடி போட்டு மூடி வைச்சு, கால் மணித்தியாலத்தாலை வடிச்சுக் குடிக்கிறது. எனக்கு உண்மையாய்ச் சுகம் வந்தது. அண்டையிலையிருந்து வருசா வருசம் ரெண்டு பால்மா ரின் நிறையக் காயவைச்சுப்போடுவன். என்னைக் கேட்டா அது அமிர்தம் எண்டுதான் சொல்லியிருப்பன்.

அடுத்த நாள் பிளாஸ்கிலை ஊத்திக்கொண்டு போனன். லஞ்ச் றூமிலை, "றெட் குளோவர், வெக்கைக்கு நல்லது" எண்டு கப்பை நீட்ட, யோகராணி கை நீட்டி வாங்குறாளில்லை.

"எனக்கு வேண்டாம் எமில்டா. வயித்துக்கு ஒத்துவராது."

"குடிச்சுப் பாக்காமலே ஒத்துவராதோ?"

"இல்லை, பிறகு பாப்பம்."

எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சுது. விடிய நாலு மணிக்கு எழும்பிக் காய்ச்சிக்கொண்டு வந்தனான். "ஏன், என்ரை கையாலை தந்தாக் குடிக்கமாட்டியோ? நீ சைவக்காரி, இது வேதக்காரியின்ரை கை எண்டோ?" எண்டு கேட்டுப்போட்டன். லஞ்ச் றூமே திரும்பிப் பாத்தது. யோகராணி பதறிப்போய், "ஐயோ, என்ன கதை கதைக்கிறாய்!" எண்டு கப்பை வாங்கி ஒரே மூச்சிலை குடிச்சாள். பத்து வருசத்துக்கு மேலை ஒரே சாப்பாட்டுப் பெட்டியிலை கை வைச்சுச் சாப்பிட்டவள், அவளுக்கு அந்தச் சொல் எப்பிடிக் குத்தியிருக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை. வெண்டிட்டன் எண்டு சந்தோசப்பட்டன்.

அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கப். முழுக்கக் குடிச்சு முடிக்குமட்டும் பக்கத்திலை நிப்பன். ஒருக்கால், "உதிலை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" எண்டு மெல்லமாய்க் கேட்டாள். "பூவிலை என்னடி கிடக்கும்? மாடு தின்னுற சாமான். மாடு செத்ததோ?" எண்டன். எல்லாரும் சிரிச்சவை. அவளும் சிரிச்சவள்தான். ரெண்டு மாசத்தாலை வெக்கை குறைஞ்சிட்டுது எண்டாள், எனக்குத் தலைகால் தெரியாத புளுகம். லீவு நாளுக்கெண்டு பையிலை கட்டியும் குடுத்துவிட்டன்.

இந்த ஆவணியிலை தனுஷிகாவுக்குக் கலியாணம். மாப்பிளை திலக்சன், பிறம்ரன் பக்கம், நல்ல வசதியான குடும்பம். தாய் தேப்பன் கொஞ்சம் துருவித் துருவிக் கேக்கிற ஆக்கள் எண்டு மட்டும் யோகராணி சொன்னவள். கலியாண வீட்டிலை அவள் மாம்பழக் கலர்ப் பட்டு உடுத்தி நிண்டாள். குனியேக்கை மட்டும் முகம் சுளிச்சுது. "இடுப்புப் பிடிச்சிட்டுது" எண்டாள். நான் ஒரு மேசை விடாமல் போய், "பொம்பிளையின்ரை தாய் எப்பிடி இருக்கிறாள் பாத்தியளோ, எல்லாம் என்ரை தேத்தண்ணி" எண்டு சொல்லித் திரிஞ்சன். இப்ப நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலை கிடக்கு.

புரட்டாதியிலை அவள் வேலைக்கு வாறதை நிப்பாட்டினாள். இடுப்பு நோ எண்டாள். ஐப்பசியிலை ஒருநாள் போன் வந்தது.

"எமில்டா, வியாழக்கிழமை லீவு எடுப்பியோ? ஆஸ்பத்திரியிலை ஒரு அப்பொயின்மென்ற். அவர் கல்கரியிலை நிக்கிறார். எனக்கு உந்த இங்கிலீசு போதாது."

"ஆஸ்பத்திரியிலை தமிழ் ஆக்களைப் பிடிச்சுத் தருவினமே?"

"அது ஆரோ எங்கடை ஆளாய்த்தான் இருக்கும். நீ வா. கலியாணம் முடிஞ்சுதுதானே, இனி நீ அறிஞ்சாலும் பறவாயில்லை."

என்னத்தை அறியிறது எண்டு கேட்டன். வைச்சிட்டாள்.

ஸ்காபரோ ஆஸ்பத்திரியிலை லிஃப்டாலை இறங்கினவுடனை சுவரிலை எழுதியிருந்ததை வாசிச்சன். கான்சர் எண்டு கொட்டை எழுத்திலை கிடந்தது. "எடி, தளம் மாறி வந்திட்டம்" எண்டன். யோகராணி தடியை ஊண்டிக்கொண்டு முன்னாலை நடந்துபோய்க் கதிரையிலை இருந்தாள்.

"மாறி வரேல்லை. மூண்டு வருசம். இடப்பக்க மார்பு. இப்ப எலும்புக்கும் பரவிப்போட்டுதாம்."

"அப்ப சுவிஸ்?"

"ஒரு சுவிசுமில்லை. இஞ்சைதான் வெட்டினது. கதிர் அடிக்கிற கரண்டும் பிடிச்சது. தனுவுக்கே தெரியாது. தாய் சுவிசிலை எண்டு அவரும் நானும் சேந்து அவளையும் பேய்க்காட்டினனாங்கள். அப்ப அவள் தூரத்திலை, வாற்றலூவிலை தங்கிப் படிச்சுக்கொண்டிருந்தவள்."

"அந்தச் சொக்லேற்?"

"மோலிலை வாங்கினது."

மாதாவே. நான் அந்தக் கதிரையிலை விழுந்தமாதிரி இருந்தன். அழுகை வந்தது, அதுக்கு மேலாலை கோவம் வந்தது. எனக்கும் ஒரு சொல் சொல்லாமல் விட்டிட்டாளே எண்ட கோவம். அவளுக்கு உயிர் போகுது, எனக்கு ரோசம்.

ஒரு அறைக்குள்ளை கூட்டிக்கொண்டு போச்சினம். மருந்துக்குப் பொறுப்பான பாமசிஸ்ற் ஒரு சீனப் பிள்ளை, முப்பது வயசு வராது, மெல்லமாய்க் கதைச்சாள். புது மருந்து தொடங்கப்போகினமாம், வருத்தத்தை மாத்தாது, ஆனா பிடிச்சு வைச்சிருக்கலாமாம். அதுக்கு முதல் இவ்வளவு காலமும் என்னென்ன எடுத்தவ எண்டு ஒண்டும் விடாமல் தெரியவேணுமாம். நான் ஒவ்வொண்டாய்த் தமிழிலை கேட்டு இங்கிலீசிலை சொன்னன். மூண்டு வருசமாய் ஒவ்வொரு நாளும் ஒரு கான்சர்க் குளிசை. அந்தக் குளிசைதான் அந்த வெக்கையைக் குடுத்ததாம்.

"பச்சிலை, மூலிகை, தேத்தண்ணி, அப்பிடி ஏதும் குடிக்கிறவவோ?" எண்டு கேட்டாள்.

நான் திரும்ப முதல் யோகராணி என்ரை கையைப் பிடிச்சாள். அவ்வளவு இங்கிலீசு அவளுக்கு விளங்கும். "இல்லையெண்டு சொல்லு" எண்டாள்.

எனக்கு அது பிடிக்கேல்லை. இவ்வளவு பொய்யுக்கு மேலை இன்னொரு பொய்யோ? என்ரை பூ என்ன களவெடுத்த சாமானோ? அவளின்ரை மூண்டு வருசத்திலை அவளுக்குச் சுகம் குடுத்தது அது ஒண்டுதானே. நான் நிமிந்து இருந்துகொண்டு, "றெட் குளோவர் குடிக்கிறவ. நான்தான் காய்ச்சிக் குடுக்கிறனான், ஒவ்வொரு நாளும். ரெண்டரை வருசமாய். அதுக்குப் பிறகுதான் வெக்கை குறைஞ்சது" எண்டு பெருமையாய்ச் சொன்னன்.

அந்தப் பிள்ளையின்ரை கை நிண்டுபோச்சு. பேனையை வைச்சுப்போட்டு, ஒவ்வொரு சொல்லாய் எனக்கு விளங்கப்படுத்தினாள். யோகராணிக்கு வந்தது பொம்பிளையளின்ரை ஹோர்மோனிலை வளருற கான்சராம். அந்த ஹோர்மோன் அதுக்குப் போய்ச் சேராமல் மறிக்கத்தான் அந்தக் குளிசையாம். றெட் குளோவரிலை உள்ள சாமான் உடம்புக்குள்ளை அந்த ஹோர்மோன் மாதிரி வேலை செய்யக்கூடியதாம். அதாலை இந்த வருத்தக்காரருக்கு அது கூடவே கூடாதாம்.

"இதாலைதான் திரும்பி வந்தது எண்டு நான் சொல்லேல்லை" எண்டாள். "அது ஒருத்தராலும் சொல்ல ஏலாது. குளிசை மட்டும் எடுக்கிற ஆக்களுக்கும் திரும்பி வாறது. ஆனா அவ இதைக் குடிச்சிருக்கக்கூடாது."

கட்டாயம் என்னாலைதான் எண்டு சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பன். இல்லவே இல்லை எண்டாலும் தப்பியிருப்பன். ரெண்டுமில்லாமல் இருக்கிறதை எங்கை கொண்டுபோய் இறக்கிறது?

"ஒருக்கால் கேளுங்கோ," எண்டாள் அந்தப் பிள்ளை. "முதல் குளிசை தரேக்கை தமிழிலை ஒரு தாள் குடுத்திருப்பினம். இது கூடாதெண்டு அவவுக்குத் தெரியாதோ?"

நான் திரும்பினன். "ராணி, உனக்கு இது தெரியுமோடி?"

"தெரியும்."

"எப்ப தொட்டு?"

"முதல் நாளே தெரியும். தாளிலை அந்தப் பேர் கிடந்தது."

"அப்ப ஏனடி குடிச்சனி? எடி, என்ரை மூஞ்சையிலை ஊத்தியிருக்கலாமேயடி!"

அவள் கோவிக்கேல்லை. கோவிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும். இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு, பஸ்ஸிலை கதைக்கிறமாதிரித்தான் சொன்னாள்.

"வேண்டாமெண்டா நீ விடுவியோ? ஏன், எதுக்கெண்டு கிண்டிக்கொண்டே இருந்திருப்பாய். ஒருநாளைக்கு நான் சொல்லிப்போட்டிருப்பன். சொன்னா அடுத்த நாள் அது பிறம்ரனுக்குப் போயிருக்கும். லைனிலை ஒரு பிள்ளையின்ரை சம்பந்தம் குழம்பேக்கை நீ என்ன சொன்னனி? தாய்க்குக் கான்சர் எண்டா மகளுக்கும் வரும், எனக்கொரு பெடியன் இருந்தா நான் எடுக்கமாட்டன் எண்டு. நான் பக்கத்திலை இருந்து உன்ரை தேத்தண்ணியைத்தான் குடிச்சுக்கொண்டிருந்தன். அதுதான் யோசிச்சன், தனுவின்ரை கலியாணம் முடியுமட்டும் குடிப்பம் எண்டு. உன்ரை வாய்க்குப் பயந்துதான் குடிச்சனான், எமில்டா."

நான் அப்பிடிச் சொன்னனான். சொன்னது ஞாபகம் இருக்கு. ஆரும் மறுத்துச் சொல்லேல்லை எண்டதும் ஞாபகம் இருக்கு.

"என்ன சொல்லுறா?" எண்டு அந்தப் பிள்ளை கேட்டாள்.

"தெரியாதாம் எண்டு சொல்லு, விடு" எண்டாள் யோகராணி. இப்பவும் என்னைத்தான் காப்பாத்தப் பாக்கிறாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு நான் எழும்பி வந்திருக்கலாம், அந்த அறையிலை தமிழ் விளங்கிற வேறை ஒருத்தரும் இல்லை.

"அவவுக்குத் தெரியுமாம்" எண்டு இங்கிலீசிலை சொன்னன். "பயத்திலை குடிச்சவவாம்."

அந்தப் பிள்ளை கதிரையைக் கிட்ட இழுத்தாள். குரலைத் தாழ்த்தி, "ஆருக்குப் பயம்? வீட்டிலை ஆரும் வெருட்டிறவையோ? புருசனோ?" எண்டு கேட்டாள்.

"இல்லை" எண்டன். "எனக்கு."