பெரம்பலூருக்கு ரயில்

அரியலூர் எல்லை தாண்டியதுமே வேணுகோபால் காரில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டான். பக்கத்து சீட்டில் அவன் மனைவி பூவிழி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று மாதமாக இதே கூத்துதான். அவன் பல் தேய்க்கும்போது, சிமெண்ட் ஆலைக்கு ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது, வண்டி கழுவும்போது, எப்போதும் இந்தப் பாட்டு. பழைய கீபோர்டின் மணிச்சத்தம், ஒரே சீராக அடிக்கும் இயந்திரத் தாளம், அதற்கு மேலே எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது போல ஒரு பெண்குரல்.

"டிக்கெட்டு இருக்கு, ஸ்டேஷன் இல்ல. கையாட்ட ஆளிருக்கு, ரயிலு இல்ல."

"இந்தப் பொண்ணு இப்ப கனடாவுல இருக்காம்" என்றான்.

"யாரு சொன்னா?"

"கமெண்ட்டுல போட்டிருக்கான். செத்துப் போச்சுன்னு இன்னொருத்தன் போட்டிருக்கான்."

"அய்யோ பாவம்" என்றாள் பின் சீட்டிலிருந்து மகள் கீதாஞ்சலி. அவளுக்குப் பத்து வயது.

பூவிழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கனடாவுக்கும் போகாமல், சாகவும் செய்யாமல், அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது அவள்தான்.

மடியில் போன் துடித்தது. தர்மன். "பன்னெண்டு மணிக்கு அட்டை அச்சுக்குப் போவுது. உம் பேரப் போடவா, பழையபடியே வுட்டுடவா? ஏதாவது ஒண்ணு சொல்லு தாயி." மணி பத்தே முக்கால்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் தர்மனும் முத்தமிழ்செல்வனும் சேர்ந்து போட்ட ஒரே ஆல்பம் அது. பெரம்பலூரில் ரயில் கிடையாது. அதனாலேயே அதற்கு 'பெரம்பலூருக்கு ரயில்' என்று பேர் வைத்தார்கள். எட்டுப் பாட்டு, இருநூறு சி.டி. பாதியை பஸ் டிரைவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். ஒரு டிரைவர், "இது என்ன தம்பி, கிரைண்டர் ஓடுற மாதிரி இருக்கு" என்று மறுநாளே திருப்பிக் கொடுத்தார். போன வருஷம் யாரோ மழையில் நனையும் பஸ் ஜன்னலுக்குப் பின்னணியாக அந்தப் பாட்டைப் போட்டுவிட, ஊரெல்லாம் பரவிவிட்டது. இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனி அதைப் பெரிய இசைத்தட்டாகவே கொண்டுவருகிறது. பழைய சி.டி. அட்டையில் கிட்டார் தர்மன், கீபோர்டு முத்தமிழ்செல்வன் என்று இருக்கும். அதற்குக் கீழே, 'குரல்: ஒரு தோழி'.

அப்படிப் போடச் சொன்னதே அவள்தான். ஸ்பெஷல் கிளாஸ் என்று குரும்பலூர் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பாடப் போனாள். அந்த மாசியில்தான் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

கல்யாணமான முதல் வருஷம் பயத்தில் வேணுகோபாலிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம், இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். அதற்கப்புறம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் தேட வேண்டியிருந்தது. பேரைப் போட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். போடாவிட்டால் இசைத்தட்டிலும் அவள் கடைசிவரைக்கும் யாரோ ஒருத்திதான்.

முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி ஊர்ந்தது. வேணுகோபால் வேகத்தைக் குறைத்தான். அடுத்தடுத்த பாட்டுகள் ஓடி ஐந்தாவது பாட்டு வந்திருந்தது.

"இங்கேருந்துதான் என்னமோ பண்ணுது பாரு" என்றான். "நாலு பாட்டு வரைக்கும் காதுகிட்ட வந்து பாடுற மாதிரி இருக்கும். அஞ்சாவதுலேருந்து குரலு தூரமாப் போயிடும். காதல் தோல்வியாம். பக்கம் பக்கமா எழுதுறானுங்க."

"பருத்திய வித்துட்டாங்க" என்றாள் பூவிழி.

"எது?"

"காதல் தோல்வியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தர்மனோட மாமா பிச்சைமுத்து பருத்தி யாவாரி. அவரு கொட்டாயிலதான் பாடுனோம். சுத்தி உத்தரம் வரைக்கும் மூட்டை. எதிரொலியே இருக்காது. வெல ஏறுச்சுன்னு ஒருநாள் காலையில ரெண்டு லாரி வந்து எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. மிச்சம் நாலு பாட்ட வெறும் கொட்டாயில பாடுனோம்."

வேணுகோபால் சிரித்தான். "பாடுனோமா? ஆமா, நீ பாடுன, நான் கிட்டாரு வாசிச்சேன்."

"நான்தாங்க பாடுனேன்."

அவன் அவளைப் பார்த்தான். லாரிக்காரன் பிரேக் போட, சட்டென்று ரோட்டைப் பார்த்தான்.

"ரெண்டாவது பாட்டப் போடு பாப்பா" என்றாள், வேணுகோபாலின் போனை வைத்திருந்த மகளிடம். போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டு சரணத்துக்கு நடுவுல டப்புன்னு ஒரு சத்தம் வரும்ல?"

"ஆமா, என்னமோ மிஷினு."

"மிஷினு இல்ல. தர்மன் தும்முறான். பஞ்சு மூக்குல ஏறிப் போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடுத்த வரியில 'ரயிலு'ங்கிற இடத்துல குரலு ஆடும், கேளுங்க."

கேட்டார்கள். தும்மல் வந்தது. அடுத்த வரியில் அந்தக் குரல் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஆடியது. பொங்கிவந்த சிரிப்பை அடக்க அன்றைக்குப் பருத்தி மூட்டையில் நகத்தைப் பதித்துக்கொண்டு நின்றது நினைவு வந்தது. விரலெல்லாம் பஞ்சு. தகரக் கூரை வெயிலில் படபடவென்று பொரியும். அது அடங்கட்டும் என்று மூன்று பேரும் மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"அம்மா, நீ சாவலியா அப்ப?" என்றாள் கீதாஞ்சலி.

வேணுகோபால் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை. பாட்டை மட்டும் அணைத்தான்.

"பன்னெண்டு வருஷம்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். "மூணு மாசமா இந்தப் பாட்ட உங்கிட்டயே போட்டுப் போட்டுக் காட்டியிருக்கேன். பைத்தியக்காரன் மாதிரி."

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மா என்ன கேட்டாங்க? பாடத் தெரியுமான்னாங்க. எங்கம்மா முந்திக்கிட்டு, பாட்டெல்லாம் வராது, கோலம் நல்லாப் போடுவான்னுச்சு. நானும் தலைய ஆட்டிட்டேன்."

"கோலமும் ஒனக்கு வராதே."

"அதத்தான் சொல்றேன்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் வாயோரம் ஏதோ அசைந்தது.

"பாடலாமான்னு கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லிருப்பேன்?"

"சொல்லமாட்டீங்கன்னு இப்பத் தெரியுது. அப்ப எனக்கு உங்களத் தெரியாதே."

போன் அடித்தது. காருக்கும் அதற்கும் இணைப்பு இருந்ததால் வண்டி முழுக்க மணியடித்தது, திரையில் தர்மன் என்று பேர் வந்தது. அவள் எடுப்பதற்குள் வேணுகோபால் ஸ்டீயரிங் பொத்தானை அமுக்கிவிட்டான்.

"ஹலோ?" என்றான்.

ஆண்குரல் கேட்டதும் சுதாரித்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றான் தர்மன், இல்லாத பணிவோடு. "நாங்க மருந்துக் கம்பெனிலேருந்து. இருமல் டானிக்கு ஒண்ணு புதுசா வந்திருக்கு, அதான் மேடத்துகிட்ட..."

"தும்மல விட்டுட்டு இருமலுக்கு வந்துட்டீங்களா தர்மன் சார்?"

கீதாஞ்சலி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அவரு கிடக்காரு தர்மா" என்றாள் பூவிழி. "பூவிழின்னு போடு."

"நெசமாவா?" தர்மன் பணிவையெல்லாம் மறந்தான். "போட்டுர்றேன். இந்தா, இப்பவே. இனிஷியலு?"

அவள் யோசிப்பதற்குள் வேணுகோபால் ரோட்டைப் பார்த்தபடி, "வே போடலாம்ல. புருசன் பேரு அட்டையில வந்தா குத்தமா?" என்றான்.

"அன்னிக்கு உங்களத் தெரியாதுங்க எனக்கு" என்றாள். "வெறும் பூவிழி போதும் தர்மா."

வேணுகோபால் சாவியைத் திருகினான். இந்த முறை சிரித்துவிட்டிருந்தான்.