விருப்பம் இல்லை

நூறு நாள் வேலைப் பட்டியலில் தன் பேர் இல்லை என்று முனீஸ்வரிக்குத் தெரிந்தது, கண்மாய்க் கரையில் மண்வெட்டியோடு நின்றபோதுதான். வருகை எடுக்கிற பெண் செல்போனில் இரண்டு தடவை தேடிவிட்டு, "ஒங்க பேரு வரலக்கா" என்றாள். ஆதார் இணைப்பில் ஏதோ கோளாறு என்றார்கள். முனீஸ்வரி பஞ்சாயத்து ஆபீசுக்கு நாலு நடை போய்க் கேட்டாள். பொறவு பார்க்கலாம் என்றே பதில் வந்தது.

வீட்டில் புருஷன் பாண்டிச்செல்வம் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தான். கண்மாய் வேலையென்றால் நடுவில் ஓடிப்போய் அவனைப் புரட்டிப் படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டிவிட்டு வரலாம். வேறு வழியில்லாமல் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்குக் கழிவுப் பஞ்சு கூட்டப் போனாள். விடியுமுன் வேன், திரும்ப இருட்டிவிடும். பங்குனியில் ஒருநாள் அவள் வந்தபோது அவன் உடம்பு விறைத்திருந்தது. உயிர் எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மாரடித்து அழுதாள். முனீஸ்வரிக்கு அழுகை வரவில்லை. பதினாறு முடிந்ததும் மறுபடி வேன் ஏறினாள்.

வைகாசியில் தேவகிருபை வந்தாள். நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் சங்கம் நடத்துகிறவள். நீக்கப்பட்ட பேர்களை இணையத்திலிருந்து எடுத்து, வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்தியா முனீஸ்வரி?"

"இல்லக்கா."

"'வேலை செய்ய விருப்பம் இல்லை'ன்னு போட்ருக்கு. இந்த ஊர்ல நாப்பத்தோரு பேருக்கும் அதே காரணந்தான்."

முனீஸ்வரி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை நாற்பத்தொரு பேரும் மனுவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றிய அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் தேவகிருபை மெல்லக் கேட்டாள்.

"ஒம் புருஷன் போனதையும் சொல்லுதியா? அவிய காதுல ஏறும்."

"அத விடுங்கக்கா."

அதிகாரி முன்னால் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"விருப்பம் இல்லைன்னு நாங்க யாருகிட்டய்யா சொன்னோம்?"

அவர் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைக் கை காட்டினார். "ஒரு வாரத்துல முடிக்கணும்னு மேலருந்து உத்தரவும்மா. ஆதார் இணையாத பேர எடுக்க ஏதாவது ஒரு காரணம் போட்டாத்தான் கம்ப்யூட்டர் விடும்."

தேவகிருபை அதை அப்படியே எழுதி, அவரிடமே கையெழுத்துக் கேட்டாள். அவர் போடவில்லை. அவள் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினாள், மறுபடி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆவணியில் முப்பத்தாறு பேர் பட்டியலில் திரும்பவும் ஏறினார்கள். ஊரில் சிலர் தேவகிருபையைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முனீஸ்வரி தன் பேரைத் தாளில் பார்த்துவிட்டு, அடுத்தவளிடம் கொடுத்தாள்.

"மகாராஜபுரத்துலயும் நெறைய பேரு பட்டியல்லருந்து போயிருக்கு. கூட வாரியா?" என்றாள் தேவகிருபை.

"வாரேன்."

அங்கே முதல் வீட்டில் சுந்தரம்மாள் என்றொருத்தி கதவைத் திறந்தாள். வேலை வேண்டாமென்று சொன்னீர்களா என்று கேட்டதுமே அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். முனீஸ்வரி அவள் அழுது முடிக்கிறவரை வாசலில் நின்றாள். பிறகு, "ஒங்க வேலை அட்டைய எடுத்துட்டு வாங்க" என்றாள்.