ஐந்தாம் அடிக்கல்

பனிமலையில் பிறந்த பேரி என்னும் ஆறு நெடுவரைகளை அறுத்துக்கொண்டு இரைந்தோட, மாசித் திங்களின் இளவெயில் கடுகுப் பூக்களின்மேல் படிந்து ஒளிர்ந்த ஒரு முற்பகலில், சிமல்காட் என்னும் சிற்றூரின் கரையில் நான்கு அடிக்கற்கள் வரிசையாய் நின்றன. நம் நேபாளத்தில் தலைமை அமைச்சர்கள் வருவதும் போவதும் நீவிர் அறியாததன்று, படிப்பவரே. தனித்துப் பெரும்பான்மை எவர்க்கும் வாய்ப்பதில்லை. மூன்று கட்சிகள் கைகோத்து ஒருவரை அமர்த்தும். அவற்றுள் ஒன்று கைவிட்டால் அவர் இறங்குவார். அவ்வாறு வந்த நால்வரும் இவ்வூருக்குத் தொங்குபாலம் தருவதாய்க் கல் நட்டு, முன்னவர் வேலையை நிறுத்தித் தம் பெயரில் புதிதாய்த் தொடங்கினர். பாலம் மட்டும் வரவில்லை. பெண்கள் அக்கற்களில் துணி உலர்த்தினர்.

ஐந்தாமவர் ஓமநாத தவாடி, தம் கல்லோடு உலங்கு வானூர்தியில் வந்திறங்கினார். ஊரார் சாமந்தி மாலைகளோடு சூழ, வட்டத் தலைவி சூனா ரோகாயா மட்டும் வெறுங்கையோடு நின்றாள். மருத்துவமனை அக்கரையில், ஆற்றைக் கடக்கக் கம்பியில் ஓடும் தொட்டில் ஒன்றே வழி, மழைக்காலத்தில் அதுவும் ஓடாது. அவள் மகள் தில்சரிக்கோ ஆனியில் பேறுகாலம். அந்த அச்சத்தில் சூனா உறங்கிப் பல நாளாயிற்று.

"கல்லு வேணாம் அண்ணா. துணி காயப்போட இருக்குற நாலே போதும்."

கூட்டம் சிரித்தது. தலைமை அமைச்சர் முகம் சிவந்தார். "வேற என்னதான் வேணும் தங்கச்சி?"

"உங்களுக்கு முந்தி இருந்தவரு அனுப்புன கம்பிவடம் ரோட்டு முனையில சும்மா கெடக்கு. நீங்க வந்ததும் வேலையை நிறுத்துனீங்க. அதை நடத்தச் சொல்லுங்க."

"அது அந்த ஆளோட பாலம். ஊரே அவன் பேரைச் சொல்லும்."

"நடக்கப்போறது என் மக. அவரு பேரா நடக்கப்போகுது?"

அவ்வேளை செயலர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கூட்டாளிங்க ஆதரவை வாபஸ் வாங்கிட்டாங்க ஐயா. முப்பது நாளுக்குள்ள அவையில பலத்தைக் காட்டணும். உடனே காத்மாண்டு கிளம்பணும்."

வெல்ல முடியாதென்பதும், தமக்குப்பின் அமரப்போகிறவர் வடம் அனுப்பிய அந்தப் பகைவரே என்பதும் ஓமநாதருக்கு விளங்கின. அவருக்கே ஒரு பாலத்தை எடுத்துக் கொடுப்பதா என்று நெஞ்சு கசந்தது. தாயின் பின்னே சூல்வயிற்றோடு இடுப்பில் கையூன்றி நின்ற தில்சரியை ஒருமுறை பார்த்தார்.

"கல்லைத் திருப்பி ஏத்து," என்றார் செயலரிடம். "வடத்தை இவங்க கையில குடு. இஞ்சினியரை இன்னிக்கே அனுப்பு. நாளைக்கு என் பேச்சை எவன் கேப்பான்?"

ஊரார் அணிவகுத்து, வடத்தைத் தோள்மாற்றித் தோள்மாற்றி மலைச்சரிவில் சுமந்து வந்தனர். ஓமநாதர் அவையில் தோற்றார். பகைவர் பதவியேற்றார். தம் பெயருக்குரிய வேலை நடக்கக் கண்டு, அதை நிறுத்தாமல் விட்டார். வேலை முடிந்ததும், தாம் வந்து திறக்கும்வரை எவரும் கால்வைக்கலாகாதென்று சொல்லியனுப்பினார்.

ஆனி மழை கொட்டிய ஒரு விடியலில் தில்சரிக்கு வலி கண்டது. சூனா எவர்க்கும் காத்திருக்கவில்லை. பாலத்தின் முகப்பில் திறப்புவிழாவுக்காகக் கட்டியிருந்த நாடாவைப் பல்லால் கடித்தறுத்தாள். நால்வர் தூளியில் மகளைச் சுமக்க, ஆடும் பாலத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் முன்னே நடந்தாள். நண்பகலில் பெண்குழந்தை பிறந்தது.

ஓமநாதர் பதவியில் இருந்தது சில திங்களே. அவற்றுள் பிறர்க்குப் பயன்பட்டது ஒரு முற்பகலே. அந்த முற்பகல் இன்னும் பேரியாற்றின்மேல் நிற்கிறது. மக்கள் அதன்மீது நடந்து போகின்றனர்.