காலர் வரிசை

தொழிற்சாலையின் மருத்துவ அறைக்கு வெளியே காலர் தைக்கும் பெண்கள் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா, கைக்குட்டைக்குள் மறைந்திருந்தது. நிரந்தர வேலைக்கு இந்தச் சோதனைதான் கடைசிப் படி. சிறுநீரில் புரதம் இருந்தால் சிறுநீரகக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி நெளியாதீங்கடி," என்றாள் முன்னால் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடும் உயரமானவள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான்.

உள்ளே லேப் பெண் சோதனைப் பட்டையை நெட்டையின் டப்பாவில் முக்கி எடுத்தாள். புரதத்தைக் காட்டும் மஞ்சள் கட்டம் பச்சையானது. காலையிலிருந்து பச்சையானவர்கள் அத்தனை பேரும் காலர் வரிசைக்காரர்கள். பட்டன் வரிசையில் ஒருத்திக்கும் இல்லை. சிறுநீரகம் வரிசை பார்த்தா கெடும்? லேப் பெண் பட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள். அமில-காரத் தன்மையைக் காட்டும் கட்டமும் கருநீலமாக இருந்தது.

"என்ன மருந்து சாப்பிடுறீங்கக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா."

லேப் பெண் கதவைச் சாத்தினாள். சொன்னால்தான் டாக்டரிடம் பேச முடியும் என்றாள். நெட்டை கொஞ்ச நேரம் கைக்குட்டையை முறுக்கினாள்.

"நீர்க்கடுப்புக்கு ஒரு சிரப்பு. எங்க லைன்ல எல்லாரும்தான் குடிக்கிறோம். இன்னிக்கு டெஸ்ட்டாச்சே, சுத்தமா இருக்கட்டும்னு கூடுதலா ரெண்டு மூடி குடிச்சேன்."

கடுப்பு ஏன் என்று கேட்டதற்கும் பதில் வந்தது. கழிப்பறை மறுகோடியில். வரிசைக்கே ஒரே பாஸ்; அது கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். அது சூப்பர்வைசர் மேசையோரத்து ஆணியில் தொங்கும். எடுத்தவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

அந்தச் சிரப்பு சிறுநீரைக் காரமாக்கும், காரம் அதிகமானால் புரதம் இல்லாமலே பட்டை பச்சை காட்டும் என்று லேப் பெண் விளக்கினாள்.

"நான் குடிச்சது போயி இந்தக் காயிதத்த ஏமாத்துதா?" நெட்டைக்குப் பயத்தை மீறி ஆச்சரியமாக இருந்தது.

லேப் பெண் கொஞ்சம் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினாள். அது வெண்மையாகக் கலங்கியது.

"போச்சா?"

"பொறுங்க."

சில சொட்டு அமிலம் விழுந்ததும் கலங்கல் கரைந்து தெளிந்தது. புரதமாக இருந்தால் கரைந்திருக்காது. நெட்டை குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள். "இவ்ளோ நேரம் மூடி மறைச்சத இப்படி உத்துப் பாப்பேன்னு நெனைக்கல," என்றாள்.

டாக்டர் பட்டை பச்சையான எல்லோருக்கும் கடுப்புக்கு வேறு மருந்து கொடுத்து, சிரப்பை நிறுத்திவிட்டு மறுபடி வரச் சொன்னார். மறுசோதனையில் பட்டை மஞ்சளாகவே நின்றது. எல்லோருக்கும் வேலை நிரந்தரமானது. சிரப்பைப் பற்றியும் பாஸைப் பற்றியும் டாக்டர் நிர்வாகத்துக்கு எழுதினார்.

அடுத்த வாரம் வாசலில் காவலாளி நிர்வாகம் சொன்னபடி பெண்களின் பைகளைத் திறந்து பார்த்தார். சிரப்புப் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வாளிக்குள் விழுந்தன. நெட்டை கழுத்தில் நிரந்தர ஊழியருக்கான புது அட்டையோடு உள்ளே போய்த் தன் மெஷினில் உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தவள் மேசையோரத்து ஆணியைப் பார்த்தாள். அந்த ஒரே பாஸை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்; ஆணி வெறுமையாக இருந்தது. குடிக்காமல் மூடியைத் திருகி, பாட்டிலைக் காலடியில் வைத்துவிட்டு முதல் காலரை ஊசிக்கடியில் தள்ளினாள்.