பட்டைக்குள் போன தொட்டில்

பிள்ளை வேண்டி வேப்பமரத்தில் கட்டிய தொட்டிலை, பிள்ளை பிறந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். கரையாம்புத்தூரில் இது தெரியாதவர் யார்? பெற்ற சந்தோஷத்தில் ஹேமலதா மறந்தாள். மரம் மறக்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டினாலே மகள் வெண்ணிலாவுக்குக் காய்ச்சல் கண்டது.

நாலு வருஷம் கழித்து மகளை இடுப்பில் சுமந்துகொண்டு ஏரிக்கரை மரத்தடிக்குப் போனாள். மஞ்சள் கயிற்றின் முடிச்சு மட்டும்தான் தெரிந்தது. தொட்டிலைப் பட்டை விழுங்கியிருந்தது.

"தாயே, தப்புதான். இப்ப அவுத்துடறேன்," என்று கும்பிட்டுவிட்டு பிளேடால் அறுத்தாள். ஓர் இழை அறுந்தது.

"அம்மா, வலிக்குது," என்று வெண்ணிலா தொப்புளைப் பொத்தினாள்.

"சும்மா இருடி."

அடுத்த இழையில் பிளேடு பட்டதும் குழந்தை வீறிட்டது. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றி மஞ்சளாகக் கயிற்றுத் தடம்.

ஹேமலதா பிளேடை ஏரியில் வீசினாள். அறுந்த இழையை மறுபடி முடிந்தாள்.